மூன்று செம்புத் தண்ணீர்

இஞ்சின் நின்ற பிறகு வருகிற அமைதியைப் போல என்னைப் பயமுறுத்தியது வேறெதுவும் கிடையாது. அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு ஏறுகிற காட்டுப் பாதையில், பாதி மேட்டில், ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில் எங்கள் பஸ் தினமும் நிற்கும். அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று அறுந்துபோகும். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் கொதிப்பது, மூங்கில் உரசுவது, எங்கேயோ ஒரு கிளை முறிவது. கிளை முறிந்தால் போதும், நான் படியை விட்டு உள்ளே ஏறிவிடுவேன். அந்தக் காட்டில் கிளை முறிக்கிறது யார் என்று வண்டியில் இருந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

டிரைவர் அண்ணன் மட்டும் கதவைத் திறந்துகொண்டு, தன் வீட்டுக் கொல்லைப்பக்கம் போகிறவர் மாதிரி இறங்கிப் போவார். பாறையைச் சுற்றிக்கொண்டு போய் மறுபுறத்தில் உட்கார்ந்துவிடுவார். கால் மணி நேரம். அது அவர் ஆண்டவரோடு இருக்கிற நேரம்.

நான் அந்த வண்டியின் கண்டக்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நாலு வருஷம் அவரோடு ஓடினேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகி நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுவது நல்லது: நான் பயந்தாங்கொள்ளி. முதலாளிக்குப் பயப்படுவேன், பாம்புக்குப் பயப்படுவேன், இறக்கத்தில் பிரேக் பிடிக்குமோ பிடிக்காதோ என்று தினமும் பயப்படுவேன். பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு முனியப்பன் உண்டு. அண்ணன் அங்கே வண்டியை மெதுவாக்குவார், நான் படியில் நின்றபடி கும்பிட்டுக் கற்பூரத்தைக் கல்மேல் போட்டுவிடுவேன். "ஒங்க சாமிக்கு அரை நிமிஷம் போதும்ப்பா. குடுத்து வெச்சவன் நீ" என்று கேலி செய்வார்.

ஆள் குட்டை. காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். ஜன்னல் பக்கம் இருந்த வலது கை முழங்கைவரை கறுத்துப்போய், இடது கை யாரோ வேறு ஆளுடையது போல இருக்கும். வண்டிக்குக் குறுக்கே வருகிற மாட்டுக்காரர்களைக் கன்னடத்தில் திட்டுவார். புளி வியாபாரிகளிடம் தெலுங்கில் குசலம் விசாரிப்பார். இஞ்சினைக் கொஞ்சுவது மட்டும் தமிழில். "ஜெபம் எந்த பாஷையிலண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாஷையே இல்லப்பா. பாஷை வந்தா பேச்சு வந்துடும். பேச்சு வந்தா, அதக் குடு, இதக் குடுன்னு கேக்கத் தோணும். நான் சும்மா ஒக்காந்துட்டு வர்றேன்."

"சும்மாவா?"

"சும்மா இருக்கறது லேசுன்னு நெனச்சுக்கினியா? ஒரு நாள் ஒக்காந்து பாரு."

அந்த இடத்தில் சும்மா உட்கார எனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? அவரிடம் கடிகாரம் கிடையாது. பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்து, கை பொறுக்கிற அளவுக்குச் சூடு தணிந்ததும் நான் விசில் ஊத வேண்டும், அவர் எழுந்து வந்து தண்ணீர் ஊற்றிக் கிளப்புவார். அதுதான் எங்கள் ஏற்பாடு. நான் குதித்து இறங்கி, கையை வைத்துப் பார்த்துவிட்டு, இறங்கின வேகத்தில் ஏறிக்கொள்வேன். சில நாள் கை பொறுக்காமலேயே ஊதியும் இருக்கிறேன். தெரிந்திருந்தும் அவர் எழுந்து வந்துவிடுவார்.

அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை என்பதை நான் ஒரு கிறிஸ்மஸ் அன்றுதான் புரிந்துகொண்டேன். பலகாரம் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஓசூரில், கோட்டை மேட்டுக்குக் கீழே, ஒரே ஓர் அறை. ஆறு பிள்ளைகள். அக்கா, அதாவது அவர் மனைவி, மூலையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார், பண்டிகை அன்றைக்கும் யாருக்கோ ரவிக்கை தர வேண்டியிருந்தது. மாமனாருக்கு இளைப்பு, இருமினால் ஓடு அதிரும். விடியற்காலை எழுந்து மண்டியிட்டால் கடைக்குட்டி முதுகில் ஏறிக்கொள்ளுமாம். ஷெட்டில் நிற்கிற பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வாட்ச்மேன் பேச்சுத் துணை கிடைத்தது என்று பீடியோடு ஏறி வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியில் கூட்டம் அதிகம், லீவு கிடைக்காது. எப்போதோ ஒருமுறை கிடைத்தபோது வேதக் கோயிலுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போய், குறட்டைச் சத்தத்தில் பாதிரி ஐயர் பிரசங்கத்தையே நிறுத்திவிட்டாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு சபையின் உபதேசியார் வீட்டுக்கு வந்திருக்கிறார். நல்ல மனுஷர், அதட்டுகிறவர் இல்லை. "ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், தம்பி. அதுகூடவா ஆண்டவருக்குக் குடுக்க முடியாது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி அண்ணன் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

"நாள் முழுக்க ஓட்டம்ப்பா. ராத்திரி வந்து படுத்தா பொணம். அந்த மிச்சம் மீதியையா அவருக்குக் குடுக்கறது?" என்று என்னிடம் கேட்டார். அந்தச் சமயத்தில்தான் பழைய ரேடியேட்டர் மேட்டில் கொதிக்க ஆரம்பித்தது. வண்டிக்கு வந்த சீக்கை அவர் தனக்கு வந்த அருள் என்று எடுத்துக்கொண்டார்.

யானை என்றால் அவருக்குப் பயமே இல்லையா என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு மழைக்காலத்தில் அவர் பாறைக்குப் பின்னால் இருந்தபோது ஓர் ஒற்றைக் கொம்பன் பாதையில் ஏறி நின்றது. பஸ்ஸுக்கும் பாறைக்கும் நடுவில். உள்ளே முப்பது பேர். ஒரு தாய் குழந்தையின் வாயில் முந்தானையை அடைத்தாள். நான் சீட்டுக்கு அடியில் இருந்தேன், அதை மறைப்பானேன். விசில் ஊதலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஊதினால் யானை திரும்பும், அண்ணனும் எழுந்து நேரே அதன் முன்னால் வந்து நிற்பார்; ஊதாவிட்டால் அது அங்கே நிற்பதே அவருக்குத் தெரியாது. ஊதவில்லை. வெகுநேரம் கழித்து அது இறங்கிப் போயிற்று. அண்ணன் சாவகாசமாக வந்து ஏறினார்.

"பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன். அதுவும் சும்மா நின்னுக்கினு இருந்திச்சு. நானும் சும்மா ஒக்காந்துக்கினு இருந்தேன்."

பின் சீட்டிலிருந்து ஒரு கிழவர் கன்னடத்தில் "ஹோகப்பா, ஹோகு" என்று அழுகிற குரலில் சொன்னார். போப்பா, கிளம்பு என்று. யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் வருஷம் முதலாளி பெங்களூரிலிருந்து புது ரேடியேட்டர் வாங்கி மாட்டினார். வண்டி ஒரே மூச்சில் மேடு ஏறியது. ஜனங்களுக்குச் சந்தோஷம், எனக்கு அதைவிடச் சந்தோஷம். பாறை வந்தது, போனது. அண்ணன் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

இரண்டு வாரத்தில் மனுஷர் மாறிவிட்டார். ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்தார். கூடையை வழியில் வைத்த ஒரு கிழவியை நாலு பேர் நடுவில் அழ வைத்தார். அக்கா ஷெட்டுக்கே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்க அண்ணனுக்கு இன்னாப்பா ஆச்சு? பெரியவன பெல்ட்டால அடிச்சுட்டாரு. இந்த வீட்ல இதுவரைக்கும் நடக்காதது" என்றார்.

"நீங்க சும்மாவே நிறுத்துங்கண்ணா. கால் மணி நேரம் டிரைவருக்கு வேணும்னு நான் சொல்லிக்கறேன்" என்றேன் நான். யானைக் காட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி நானே கேட்டேன் என்றால், அவர் எந்த அளவுக்குப் போயிருந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் தலையை ஆட்டினார். "ஜனங்க நேரத்த நான் எப்படிப்பா எடுக்கறது? வண்டி கேட்டா குடுப்பாங்க. நான் கேட்டா? எனக்கு வெக்கமா இருக்குது."

மூன்றாவது வாரம் வண்டி மறுபடியும் பாறையிடம் கொதித்து நின்றது. அண்ணன் இறங்கிப் போய், திரும்பி வந்தபோது பழைய மனுஷராக இருந்தார். நாங்கள் கோட்டை என்று சொல்லும் தேன்கனிக்கோட்டை வந்ததும் அந்தக் கூடைக் கிழவியைத் தேடிப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்தார். முதலாளி, ரேடியேட்டர் விற்ற பெங்களூர்க்காரனை நாள் பூராவும் திட்டினார்.

எங்கள் வண்டிக்குக் கிளீனர் கிடையாது, அஞ்செட்டியில் கிளம்புமுன் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அந்த வாரத்திலிருந்து அதையும் அவரே செய்ய ஆரம்பித்தார். "நீ டிக்கெட்டப் பாருப்பா." எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. ஒருநாள் சாப்பிடப் போகிறவன் போலப் போய், டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதலில் ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வடியவிட்டார். பிறகு செம்பால் எண்ணி ஊற்றினார். விளிம்புவரை நிரம்ப இன்னும் மூன்று செம்பு வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, மிச்சத்தைப் புளியமரத்து அடியில் கொட்டிவிட்டு மூடியைத் திருகினார். திருகும்போது சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அவரிடம் அதற்கு முன்னால் கண்டதில்லை. திருடுகிறவன் பார்வை.

மூன்று செம்பு குறைந்தால் பாறைவரை வரும், அதற்கு மேல் வராது. அத்தனை கச்சிதமாகக் கணக்குப் பண்ணி வைத்திருந்தார். பாறையிடம் ஊற்றுவதற்கு வண்டியிலேயே ஒரு தகர டின்னில் தண்ணீர் இருக்கும், ஆபத்து ஒன்றுமில்லை என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டிருப்பார். நானும் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். நான் கேட்கவில்லை. டிரைவரைக் கேட்கிற கண்டக்டர் எந்தக் கம்பெனியிலும் கிடையாது என்பது ஒன்று. அந்தக் கால் மணி நேரம் கிடைக்காத அண்ணனைவிட அதைத் திருடுகிற அண்ணன் தேவலை என்று எனக்குப் பட்டது என்பது இன்னொன்று. இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது.

அன்றைக்குச் சித்திரை வெயில். அஞ்செட்டியில் தண்ணீர் ஊற்றி முடித்து, வண்டியைக் கிளப்பி, நான் விசிலும் ஊதியாகிவிட்டது. நாட்றாம்பாளையத்துப் பாதையிலிருந்து நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கட்டிலில் ஒரு பெண். முதல் நாள் காலையில் வலி கண்டவள், குழந்தை இன்னும் வரவில்லை. புருஷன் ராகி விதைக்கிற ஏழைக் குடியானவன், முப்பது வயதுகூட இருக்காது. "டைவருங்க, கோட்டை ஆஸ்பத்திரிக்குங்க, சீக்கிரமுங்க" என்று அண்ணன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கதறினான்.

நான் பின்னால் இரண்டு சீட்டைக் காலி செய்தேன். அவளைப் படுக்க வைத்தோம். அவன் அக்காவும் ஊர் மருத்துவச்சியும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் நிமிர்ந்தபோது அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்தேன். தண்ணீர் குறைவு என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இறங்கி மூன்று செம்பு ஊற்ற இரண்டு நிமிஷம் பிடித்திருக்கும். இப்போதுதானே ஊற்றினீர்கள் என்று நான் கேட்டுவிடுவேனோ என்று அவர் கூசினார். பிற்பாடு அவரே சொன்னார். தெரிந்திருந்தும் நானும் வாயைத் திறக்கவில்லை. விசில் ஊதினேன். கிளம்பிவிட்டோம்.

மேட்டில் அவர் ஓட்டிய ஓட்டத்தை நான் என்றும் பார்த்ததில்லை. வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. பின்னால் அவள் அலறல். மருத்துவச்சி தண்ணீர் கேட்டாள். துணி நனைக்க, முகம் துடைக்க, வாயில் விட. நான்தான் தகர டின்னை எடுத்துக் கொடுத்தேன். டின் தரையில் உருண்ட சத்தம் கேட்ட பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அதே சமயம் பானெட்டிலிருந்து ஆவி பீறிட்டது. அண்ணன் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தார். இஞ்சின் இரண்டு முறை முக்கிவிட்டு, பாறைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது.

அந்த அமைதி வந்தது.

அண்ணன் டின்னைத் தூக்கிப் பார்த்தார். காலி. பாதைக்குக் கீழே, முன்னூறு அடி இறக்கத்தில் ஓடை. நான் எட்டிப் பார்த்தேன். கோடையில் அந்தப் பக்கத்தில் தண்ணீர் இருந்த இடம் அது ஒன்றுதான். ஏழோ எட்டோ யானைகள் நின்றுகொண்டிருந்தன, குட்டிகளோடு. குட்டி இருக்கிற கூட்டத்துக்குப் பக்கத்தில் காட்டு ஜனங்கள்கூடப் போகமாட்டார்கள்.

"நானும் வர்றனுங்க" என்றான் புருஷன்.

"வேணாம்ப்பா. ரெண்டு பேருன்னா சத்தம். நீ அவ கையப் புடிச்சுக்கோ." பக்கெட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் இறங்கிவிட்டார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மரத்துக்கு மரம் ஒதுங்கி, நின்று நின்று போனார். ஒரு பெரிய பெண் யானை காதை விரித்துத் திரும்பியது. அவர் அப்படியே நின்றார். எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பின் சீட்டில் அவள் சத்தம் நின்றுபோயிருந்தது. அலறலைவிட அது நின்றதுதான் என்னை நடுங்க வைத்தது. "சீக்கிரம் சாமி, சீக்கிரம்" என்று மருத்துவச்சி யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை அரைப் பக்கெட்தான் கொண்டுவந்தார், மறுபடியும் இறங்கினார். கொதிக்கிற இஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும். ஈரச் சாக்கைப் போட்டு ஆறவிட வேண்டும். பானெட்மேல் கையை வைத்துக்கொண்டு இருவரும் நின்றோம். கை பொறுக்கவில்லை. கை பொறுக்கவேயில்லை. என் கையைத் தீய்த்துக்கொண்டாவது அதை ஆற வைத்துவிட மாட்டோமா என்று இருந்தது. அண்ணன் உதடு அசைந்தது. கேட்பதில்லை என்று சொன்னவர் அன்றைக்கு எதையோ விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோட்டை ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தூக்கிப் போனார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் வயதான ஆயா ஒருத்தி வெளியே வந்தாள். "தாய் பொழச்சுக்கினா. கொழந்த இல்ல. ஒரு அரை மணி நேரம் முன்னால கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி போய்விட்டாள்.

புருஷன் நேராக அண்ணனிடம் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் தடாலென்று அவர் காலில் விழுந்தான். "எம் பொண்டாட்டியக் காப்பாத்திக் குடுத்தீங்க சாமி. ஆனைங்களுக்கு நடுவால போனீங்களே. பெத்தவன்கூடப் போகமாட்டான்."

அண்ணன் குனிந்து அவன் தோளைப் பிடித்தார். "எந்திரிப்பா. கேளு. வண்டி எதுக்கு நின்னுச்சு தெரியுமா? நான்தான்..."

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணன் ரொம்பக் களைச்சுப்போயிட்டாருங்க. வெயில்ல ஏறி எறங்கினது. நீங்க உள்ள போயி அவங்களப் பாருங்க" என்று அவனை அனுப்பிவிட்டேன். வேலை போய்விடும், போலீஸ் வரும், ஊரே திரண்டு வரும் என்று அந்த ஒரு நொடியில் என் பயமெல்லாம் ஒன்றாக எழுந்து நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து தண்ணீரை என்னையே ஊற்றச் சொன்னார், விளிம்புவரை. வண்டி நிற்கவில்லை. பாறை வந்தால் அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டார். யாரையும் திட்டவுமில்லை, கொஞ்சவுமில்லை. சாந்தமாக, ரொம்ப வேகமாக ஓட்டினார். அந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குளிரெடுக்கிறது. ஒருநாள் தாங்க முடியாமல், "நிறுத்துங்கண்ணா, போய் ஒக்காந்துட்டு வாங்க" என்றேன்.

"ஒக்காந்து?" என்றார். "கண்ண மூடினா அந்தாளு எங்கால்ல விழறான். அவங்கிட்ட சொல்றதுக்கு முன்னால ஆண்டவர்கிட்டப் போயி எந்த மூஞ்சிய வெச்சுக்கினு ஒக்கார்றது?"

ஆடி மாதத்தில் எங்கள் வண்டி இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அந்தக் குடியானவனைத் தேடி, முதலாளியின் இன்னொரு பஸ்ஸில் ஏறி அஞ்செட்டியில் இறங்கினோம். என்னை வரச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். அவர் வாயை அடைத்தவன் நான். ஆனால் வழி முழுக்க, திரும்பிவிடலாம் என்று கெஞ்சிக்கொண்டேதான் நடந்தேன். "வெட்டிப் போட்டா கேக்க நாதியில்லண்ணா இங்க." அவர் கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தார்.

நாட்றாம்பாளையம் போகிற வழியில், காட்டை ஒட்டி, ராகிக் கொல்லைக்கு நடுவில் அவர்கள் குடியிருந்த கூரைக் கொட்டாய். புருஷன் வாசலில் உட்கார்ந்து கொடுவாளால் மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து, கட்டிலை இழுத்துப் போட்டான். "ஒக்காருங்க சாமி. அவ கேணிக்குப் போயிருக்கறா, வந்துடுவா."

அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அன்றைக்கு வண்டி தானாக நிற்கவில்லை, நான்தான் நிற்க வைத்தேன் என்றார். மூன்று செம்பைப் பற்றிச் சொன்னார். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தண்ணி கொறச்சு ஊத்தினா நின்னுடுங்களா?"

"மேட்டுல நின்னுடும்."

"தெரிஞ்சேவா ஊத்துனீங்க?"

"தெரிஞ்சேதான். தெனமும்."

"எதுக்குங்க?"

"ஜெபம் பண்ண."

"இன்னா கேட்டு?"

"ஒண்ணும் கேக்கமாட்டேன். சும்மா ஒக்காந்திருப்பேன்."

"சும்மா ஒக்கார்றதுக்கா?" என்றான் அவன். கத்தவில்லை. மெய்யாகவே விளங்காமல் கேட்டான். கொடுவாள் அவன் கையில்தான் இருந்தது. நான் அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவன் கை மேலே போனது. என் கண் தானாக மூடிக்கொண்டது. சத்தம் கேட்டுத் திறந்தபோது, கொடுவாள் வாசல் பந்தலின் மரக்காலில் பாதி இறங்கி நின்றது. அவன் இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"பையன்" என்றான். "பொறந்தது பையன். அது தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாதுங்க" என்றார் அண்ணன்.

வரப்பில் அவள் குடத்தோடு வருவது தெரிந்தது. மெலிந்துபோய், பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வந்தாள். அவன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில் வேகமாகச் சொன்னான். "எங்கிட்ட சொன்னதோட போகட்டும். அவகிட்ட வாயத் தொறக்காதீங்க. தெனம் பொழுதெறங்க வெளக்கு வெச்சு, அந்த டைவரு நல்லா இருக்கணும்னு கும்புடறா. அதுக்குன்னுதான் எந்திரிச்சு மூஞ்சி கழுவறா. அதையும் புடுங்கிடாதீங்க."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் கைகூப்பினான். அதற்குள் அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

யார் என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. குடத்தை இறக்கிவிட்டு உள்ளே ஓடினாள். மோர் கரைத்து ஒரு சட்டியில் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் குடித்தார். அவள் எதிரே, கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு அன்னைக்கு நெனப்பே இல்லீங்கண்ணா. எல்லாம் இவரு சொல்லித்தான் தெரியும். அத்தன ஆனைங்களுக்கு நடுவால போனீங்களாமே. பயமா இல்லீங்களா?"

அண்ணன் அவள் புருஷனைப் பார்த்தார். அவன் பிளந்த மூங்கிலைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு இல்லம்மா" என்றார். "இப்பத்தான்."

அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து, இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.